நனோ ஊசி: சின்னதாக இருப்பதா விஷயம், அடுக்கி வைத்திருப்பதா?

மஸ்கெலியா மழை
வணக்கம். நான் பேராதனையில் கடைசி வருடம் படிக்கிறேன். அடுத்த மாதம் வகுப்பில் 20 நிமிடம் பேச வேண்டும். எனக்கு விழுந்த தலைப்பு: நனோ துணிக்கைத் தடுப்பூசிகள், ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது. வாசிக்க வாசிக்கத் தலை சுற்றுகிறது. ஒரு கட்டுரையில் கொழுப்புக் குமிழ், இன்னொன்றில் தங்கத் துணிக்கை, இன்னொன்றில் இரும்பைச் சேமிக்கும் ஏதோ புரதம். எல்லாவற்றுக்கும் பெயர் மட்டும் ஒன்றுதான். இவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது? எதைச் சொல்லி எதை விடுவது?

லீவுக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நனோவா? அந்தச் சின்னக் கார்தானே?" என்றார். அதற்கு மேல் வீட்டில் உதவி கிடைக்காது போல.

ரொசல்ல ஸ்டேஷன்
தங்கச்சி, நனோ என்றால் எங்களுக்கு ஞாபகம் வருவது காரும் இல்லை, ஊசியும் இல்லை. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்திய பிறகு போத்தலில் வந்த நனோ நைட்ரஜன்தான். அந்த வருடம் எங்கள் பாத்தியில் லீக்ஸ் பென்சில் தடிப்பைத் தாண்டவில்லை. அன்றிலிருந்து ஒரு பொருளுக்கு முன்னால் "நனோ" என்று போட்டால் நான் இரண்டு அடி பின்னால் நிற்பேன். இப்போது ஊசிக்கும் போடுகிறார்களா? கொவிட் ஊசி வந்தபோதும் இதே பேச்சுத்தான் வாட்சப்பில் சுற்றியது. யாராவது விளங்கச் சொன்னால் நல்லது.

பழைய பிளாஸ்க்
ஹட்டன் பக்கம் ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ரொசல்ல தம்பியின் சந்தேகத்திலிருந்தே தொடங்கலாம்.

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் உடம்பில் நனோ துணிக்கைத் தடுப்பூசி ஏற்கெனவே போய்விட்டது. கிளினிக்கில் 2, 4, 6 மாதத்தில் போடும் ஐந்து சேர்ந்த ஊசியில் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது அல்லவா? அந்த வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் மதுவ (ஈஸ்ட்) கலங்களில் செய்விக்கிறார்கள். செய்த புரதம் தனித்தனியாக மிதப்பதில்லை. தானாகவே ஒன்றோடொன்று சேர்ந்து 22 நனோமீற்றர் உருண்டையாகிவிடும். (ஒரு மில்லிமீற்றரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நனோமீற்றர்.) உள்ளே வைரஸின் மரபுப் பொருள் எதுவும் கிடையாது, வெறும் கூடு. அமெரிக்காவில் இதற்கு 1986இல் அனுமதி கிடைத்தது. அப்போது யாரும் இதை நனோ என்று விளம்பரம் செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாடசாலையில் தரம் 6 பெண்பிள்ளைகளுக்கு 2017இலிருந்து போடும் எச்.பி.வி. ஊசியும் அதே சாதி. எல்1 என்ற ஒரே புரதம், 360 பிரதிகள், ஐந்தைந்தாகச் சேர்ந்து 72 மொட்டுகள், எல்லாம் கூடி 55 நனோமீற்றர் அளவில் ஒரு பந்து. அந்தப் புரதத்தை ஆய்வுகூடத்தில் பந்தாகத் திரள வைத்தவர்கள் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இருந்த இயன் பிரேசரும் ஜியான் சௌவும். 1991இல். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் ஒரு தலைமுறையைக் காப்பாற்றும் ஊசி அது. சௌ 1999இலேயே இறந்துவிட்டார், முதல் ஊசி சந்தைக்கு வந்தது 2006இல். இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும்.

ரொசல்ல ஸ்டேஷன்
சரி சேர். அப்படியென்றால் வைரஸே நனோ அளவுதானே? எங்கள் பக்கம் போட்ட சைனோபார்ம் முழு வைரஸைச் செயலிழக்கச் செய்தது என்றார்கள். அதுவும் நனோ ஊசியா?

பழைய பிளாஸ்க்
நல்ல கேள்வி, மடக்கிவிட்டீர்கள். அளவை மட்டும் பார்த்தால் ஆம், கொரோனா வைரஸ் சுமார் 100 நனோமீற்றர். ஆனால் அதை அந்தப் பெயரில் யாரும் அழைப்பதில்லை. நாமே ஒரு துணிக்கையை வடிவமைத்து, அதன் மேல் எதை வைப்பது, எத்தனை வைப்பது என்று தீர்மானித்தால்தான் அந்தப் பெயர்.

ஆய்வுகூட எலி
பண்டாரவளையில் பிறந்து வளர்ந்தவன். இப்போது வெளிநாட்டில் புரதம் சுத்திகரிக்கும் வேலை. சேர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். தங்கச்சி, உன் 20 நிமிடத்தில் முதல் ஐந்தை இதற்கே கொடு: ஏன் துணிக்கை? ஒரு புரதத்தைக் கரைத்து அப்படியே ஊசியில் போட்டால் என்ன குறை?

இரண்டு காரணம். முதலாவது பாதை. நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்கள் கூடும் இடம் நிணநீர்க் கணு. தனிப் புரதம் மிகச் சின்னது, பெரும்பாலும் இரத்தத்துக்குள் போய்க் கரைந்துவிடும். சில நூறு நனோமீற்றர் துணிக்கை என்றால் ஊசி போட்ட இடத்திலேயே சிக்கிக்கொள்ளும்; வேறு கலங்கள் வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். 20 முதல் 100 வரையான அளவு தானாகவே நிணநீர்க் குழாயில் வடிந்து கணுவுக்குப் போய்ச் சேரும். தோட்டத்தில் குறுக்குப் பாதை மாதிரி. லொறி போகாது, ஆள் போகலாம்.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. பி கலம் என்பது கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரியைச் செய்யும் கலம். அதன் மேற்பரப்பில் கிருமியைப் பிடிக்கும் வாங்கிகள் நிறைய இருக்கும். ஒரு வாங்கியில் ஒரு புரதம் வந்து தொட்டால் அது பெரிதாக அசையாது. ஒரே வடிவம் சில நனோமீற்றர் இடைவெளியில் வரிசையாக அடுக்கி வந்து பல வாங்கிகளை ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தால் கலம் விழித்துக்கொள்ளும். ஒரு ஆள் தனியாகப் போய்ச் சம்பளம் கேட்டால் துரை காதில் விழாது. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் எல்லாரும் வரிசையாக நின்று கேட்டால்? கேட்கும் வார்த்தை ஒன்றுதான். வைரஸின் மேற்பரப்பு அப்படித்தான் இருக்கும், நம் உடம்பின் சொந்தப் புரதங்கள் அப்படி அடுக்கி நிற்பதில்லை. அதனால் அந்த வரிசையையே உடம்பு ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது.

ஆக, அம்மாவிடம் சொல்: நனோ என்றால் சின்னது என்பதோடு முடியவில்லை. அடுக்கு.

மஸ்கெலியா மழை
பிரட்டுக்களம்! இதை அப்படியே திருடப் போகிறேன் அண்ணா. எங்கள் விரிவுரையாளருக்குப் பிரட்டு என்றால் என்னவென்று முதலில் விளக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. இரும்பு சேமிக்கும் புரதம் இதில் எங்கே வருகிறது?

ஆய்வுகூட எலி
அதுதான் அடுத்த தலைமுறை. ஹெபடைட்டிஸ், எச்.பி.வி. புரதங்கள் தாமாகப் பந்தாகின்றன. எல்லாக் கிருமிப் புரதமும் அப்படி நல்ல பிள்ளையாக இருக்காது. அதனால் தானாகச் சேரும் வேறொரு புரதத்தை எடுத்து, அதைச் சாரமாக நிறுத்தி, கிருமியின் துண்டை அதன் மேல் ஒட்டுகிறார்கள். பெரிட்டின் என்பது 24 துண்டுகள் சேர்ந்த கூடு. இன்புளுவென்சாவின் மேற்பரப்புப் புரதத்தை அதில் நட்டு 2013இல் அமெரிக்க அரச ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் ஒரு திருப்பம்.

அதற்கப்புறம் இயற்கையில் இல்லாத கூட்டையே கணினியில் வரைய ஆரம்பித்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் நிலையம். 2024 இரசாயனவியல் நோபலில் பாதி அவருக்கு. அங்கே வரைந்த ஒரு கூட்டில் மூன்று மூன்றாகச் சேரும் துண்டுகள் 20, ஐந்து ஐந்தாகச் சேரும் துண்டுகள் 12. இரண்டையும் தனித்தனியாகச் செய்து ஒரு குழாயில் கலந்தால் பந்து தானே எழும்பும். கொரோனா முட்புரதத்தின் பிடிக்கும் பகுதியை மேலே 60 இடத்தில் வைத்தார்கள். தென்கொரியா 2022 ஜூனில் அனுமதி கொடுத்தது, பெயர் ஸ்கைகோவியோன். கணினியில் வடிவமைத்த புரதத்தில் மருந்தாக அனுமதி பெற்ற முதல் ஆள் இதுதான். ஆனால் அலை ஓய்ந்த பிறகு வந்ததால் பெரிதாக எடுபடவில்லை. கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிந்த பிறகு வந்த சமையல்காரன் மாதிரி.

குளிர்ப்பெட்டிக்காரி
பிள்ளைகளே, இதெல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. நான் நுவரெலியா மாவட்டத்தில் குடும்ப நல உத்தியோகத்தர், தோட்டங்களில் மிட்வைப் மிஸ் என்பார்கள். 20 வருடமாக ஊசிப்பெட்டி தூக்குகிறேன். எனக்கு ஒரே கேள்வி: இதை எத்தனை பாகையில் வைப்பது?

எல்லாரும் வெயிலில் மருந்து கெட்டுப்போகும் என்று நினைப்பார்கள். இங்கே எங்களுக்குப் பயம் குளிர். ஹெபடைட்டிஸ் பி உள்ள ஊசி உறைந்தால் அதில் கலந்திருக்கும் அலுமினிய உப்பு கட்டியாகித் திரிந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. குலுக்கி வைத்தால், உறைந்த குப்பியில் மண்டி சீக்கிரம் அடியில் இறங்கும். நல்ல குப்பி கலங்கலாகவே நிற்கும். அப்படித்தான் கண்டுபிடிப்போம். ஐஸ் பெக்கை பிரீசரிலிருந்து எடுத்தவுடன் பெட்டியில் வைக்கக் கூடாது, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருக்க வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் அவசரத்தில் புதிதாக வந்தவர் அதைச் செய்யவில்லை. ஒரு டிவிஷனுக்குக் கொண்டுபோன பெட்டி முழுக்க வீசினோம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து வந்த அம்மாமாரை "அடுத்த கிழமை வாங்க" என்று திருப்பி அனுப்பினோம். கொழுந்து எடுக்கும் பேர், அதாவது அன்றைய நாட்கூலி, போனது போனதுதான் அவர்களுக்கு.

கொவிட் காலத்தில் கண்டிப் பக்கம் மொடர்னா கொடுத்தபோது மைனஸ் 20 என்றார்கள். கரைத்த பிறகு எங்கள் சாதாரணக் குளிர்ப்பெட்டியில் 30 நாள். பைசர் மைனஸ் 70. அந்த மாதிரி ஊசிதான் எதிர்காலம் என்றால் எங்கள் மலைக்கு அது எப்படி ஏறும்?

ஆய்வுகூட எலி
மிஸ், இந்தக் கேள்வியை ஆய்வுகூடத்தில் இருப்பவர்கள் கடைசியில்தான் கேட்பார்கள். நான் உட்பட.

நீங்கள் சொன்ன இரண்டும் கொழுப்புத் துணிக்கை வகை. உள்ளே எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்யக் கலத்துக்குப் போகும் கட்டளை), வெளியே நான்கு வகை இலிப்பிட்டு: கொலஸ்திரோல், ஒரு பொஸ்போலிப்பிட்டு, பெக் என்ற வால் ஒட்டியது, அப்புறம் கதாநாயகன், சூழலைப் பார்த்து மின்னேற்றம் மாறும் இலிப்பிட்டு. இரத்தத்தில் அதற்கு ஏற்றம் கிடையாது. கலம் அதை விழுங்கி, உள்ளே அமிலமான பையில் போட்டவுடன் நேரேற்றம் ஏறி, பையைக் கிழித்து, ஆர்.என்.ஏ.யை வெளியே விடும். அப்படித் தப்பித்து வெளியே வருவது நூற்றுக்கு ஒரு சில மட்டுமே. அந்த எண்ணை உயர்த்துவதற்கே உலகத்தில் பாதி ஆய்வுகூடம் மண்டையை உடைக்கிறது. இந்தத் தொழில்நுட்பம் கொவிட்டுக்காக ஒரே இரவில் வந்ததும் இல்லை. நரம்பைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய்க்கான மருந்து இதே மாதிரிக் குமிழில் 2018இல் அனுமதி பெற்றது. கரிக்கோவும் வைஸ்மனும் ஆர்.என்.ஏ.யின் ஓர் எழுத்தை மாற்றினால் உடம்பு சீறாது என்று காட்டியது 2005இல், நோபல் 2023இல்.

குளிர் ஏன் என்றால், தண்ணீருக்குள் ஆர்.என்.ஏ. மெதுவாக அறுந்துகொண்டே இருக்கும். அதனால் தண்ணீரையே எடுத்துவிடப் பார்க்கிறார்கள். பூனாவில் செய்த ஜெம்கோவாக் உறைய வைத்து உலர்த்திய தூள், உங்கள் 2 முதல் 8 பாகையில் நிற்கும். இந்தியா 2022 ஜூனில் அவசர அனுமதி கொடுத்தது. இன்னொரு பக்கம், உடம்புக்குள் போய்த் தன்னையே படியெடுக்கும் ஆர்.என்.ஏ. ஜப்பான் 2023 நவம்பரில் அனுமதித்தது. பைசரில் 30 மைக்ரோகிராம், இதில் 5 போதும்.

புரதத் துணிக்கைகள் பொதுவாக உங்கள் குளிர்ப்பெட்டிக்கு நண்பர்கள். என்னைக் கேட்டால், மலைக்கு ஏறப் போவது அவைதான்.

ரொசல்ல ஸ்டேஷன்
இவ்வளவு படித்தவர்கள் பேசுகிறீர்கள். பக்க விளைவைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே. தோட்டத்து ஆள் கேட்டால் மட்டும் "பயப்படாதே" என்பீர்கள்.

பழைய பிளாஸ்க்
கேட்க வேண்டிய கேள்விதான், கோபமும் நியாயம். எம்.ஆர்.என்.ஏ. ஊசிக்குப் பிறகு இதயத் தசை அழற்சி வந்தது உண்மை. அரிது, பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, இரண்டாவது ஊசிக்குப் பிறகு. கடும் ஒவ்வாமை, அமெரிக்காவின் ஆரம்பக் கணக்கில், பைசருக்குப் பத்து லட்சம் ஊசிக்கு ஐந்து அளவில். அதனால்தான் ஊசி போட்ட பிறகு 15 நிமிடம் உட்கார வைத்தார்கள். அந்தப் பெக் வாலின் மேல் சந்தேகம் உண்டு. அதற்கு மாற்றுத் தேடுவதும் இப்போதைய ஆராய்ச்சியில் ஒரு கிளை.

ஆய்வுகூட எலி
சேர் சொன்னதோடு இன்னொன்றும் சேர்க்கிறேன், ஏனென்றால் இது நிகழ்கால விஷயம். எச்.ஐ.வி.க்கு 60 துண்டு சேர்ந்த ஒரு துணிக்கையைப் புரதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பெற்ற 36 பேரில் 35 பேருக்கு வேண்டிய வகை பி கலங்கள் எழும்பின, 2022 டிசம்பரில் வெளியானது. அது பாதுகாப்பு இல்லை, பல படிகளில் முதல் படி. அடுத்ததாக அந்தத் துணிக்கையைச் செய்யும் கட்டளையை எம்.ஆர்.என்.ஏ. ஆகக் கொடுத்து, உடம்பே கூட்டைக் கட்டட்டும் என்று விட்டார்கள். இரண்டு கிளையும் ஒன்றாகச் சேரும் இடம் அது, தங்கச்சி இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வேலை செய்தது. ஆனால் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் வந்தது, சிலருக்கு நாட்கணக்கில் நீடித்தது. மறைக்காமல் எழுதினார்கள். ஏன் என்று இன்னும் துருவுகிறார்கள்.

ரொசல்ல ஸ்டேஷன்
இப்படிச் சொன்னால் கேட்பேன்.

நானுஓயா பால்காரன்
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மூன்று மாடு வைத்திருக்கிறேன். மனிதருக்கு இவ்வளவு நனோ என்றால் மாட்டுக்குக் கால் வாய் நோய்க்கு ஒன்றும் இல்லையா? போன தடவை வந்தபோது இரண்டு கிழமை பால் இல்லை.

ஆய்வுகூட எலி
அண்ணே, இருக்கிறது, நல்ல கதை. இப்போதைய மாட்டு ஊசிக்கு உயிருள்ள வைரஸைத் தொட்டி தொட்டியாக வளர்த்து, பிறகு கொல்ல வேண்டும். அது தப்பினால் வம்பு. 2007இல் இங்கிலாந்தில் பிர்பிரைட் வளாகத்திலிருந்து கசிந்து சுற்றுப் பண்ணைகளுக்குப் பரவியது. வெறும் கூட்டை மட்டும் செய்யலாம் என்றால் அந்தக் கூடு சூட்டிலும் புளிப்பிலும் பொலபொலவென்று உதிரும். 2013இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் கூட்டின் துண்டுகளுக்கு இடையே ஒரு கந்தகப் பிணைப்பைப் போட்டு இறுக்கினார்கள். ஓட்டுக்கு ஆணி அடிப்பது மாதிரி. உள்ளே வைரஸ் இல்லாததால் தப்பிக்க ஒன்றும் இல்லை.

மஸ்கெலியா மழை
குறிப்புப் புத்தகம் நிறைகிறது. மலேரியா ஊசியையும் சேர்க்கவா? நம் நாட்டில் மலேரியா இல்லையே என்று யோசிக்கிறேன். 2016இல் சான்றிதழே கிடைத்துவிட்டது.

பழைய பிளாஸ்க்
சேர்க்க வேண்டும் மகள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்து வந்த நம் முப்பாட்டன்மார் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பாதையோரம் விழுந்தார்கள். இங்கே இல்லை என்பதால் நமக்குச் சம்பந்தமில்லாமல் போகாது.

பாடமாகவும் அது அழகு. மலேரியாவுக்கான இரண்டு ஊசியும் நான் முதலில் சொன்ன ஹெபடைட்டிஸ் உருண்டையின் மேலேயே கட்டியவை. முதலாவதில், 2021 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததில், மலேரியாத் துண்டு ஒட்டிய புரதம் ஒரு பங்கு, ஒட்டாத வெறும் புரதம் நாலு பங்கு. இரண்டாவது ஆர்21, 2023 ஒக்டோபர். அதில் எல்லாப் புரதத்திலும் மலேரியாத் துண்டு உண்டு. எலித் தம்பி சொன்ன அடுக்கு நெருக்கமாகிறது. கூடவே சிலி நாட்டு மரப்பட்டையிலிருந்து எடுத்த சப்போனினை 40 நனோமீற்றர் கூண்டாகச் செய்து கலக்கிறார்கள், நிர்ப்பீடனத்தை உசுப்ப. துணைப்பொருளும் நனோ! இந்தியாவில் தயாராகிறது, ஒரு டோஸ் 2 முதல் 4 டொலர்.

குளிர்ப்பெட்டிக்காரி
அது எத்தனை பாகை சேர்?

பழைய பிளாஸ்க்
2 முதல் 8, மிஸ்.

குளிர்ப்பெட்டிக்காரி
அப்போ நல்ல ஊசி.

ஆய்வுகூட எலி
இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். கலவைத் துணிக்கை. கலிபோர்னியாவில் பமேலா பியோர்க்மனின் குழு 60 இடமுள்ள ஒரு துணிக்கையில் கொரோனாக் குடும்பத்தின் எட்டு வைரஸ்களின் துண்டுகளைக் கலந்து ஒட்டியது. பி கலத்தின் வாங்கிக்கு இரண்டு கை. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை வேறு வேறு என்பதால், எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதியைப் பிடிப்பவனால் மட்டுமே இரண்டு கையாலும் பிடிக்க முடியும். எலியிலும் குரங்கிலும், துணிக்கையில் வைக்காத வைரஸுக்கு எதிராகவும் பாதுகாப்புக் கிடைத்தது. வராத நோய்க்கு முன்கூட்டியே ஊசி.

புற்றுநோயை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடு. நோயாளியின் கட்டியை வாசித்து அவருக்கு மட்டும் செய்யும் எம்.ஆர்.என்.ஏ. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் 157 பேர் சோதனை. வழமையான மருந்தோடு சேர்த்துக் கொடுத்ததில் திரும்ப வருவதோ மரணமோ 44 வீதம் குறைந்தது. விலையை நினைத்தால் நமக்குத் தூரம். பணம் பற்றியும் ஒரு வரி: 2025 ஓகஸ்டில் அமெரிக்க அரசு 22 எம்.ஆர்.என்.ஏ. திட்டங்களை, சுமார் 50 கோடி டொலர் பெறுமதியானவற்றை, நிறுத்தியது. ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால், பணம் போகும் பக்கத்தையும் காட்ட வேண்டும்.

மஸ்கெலியா மழை
ஐந்து கிழமை கழித்து வருகிறேன். பேசி முடித்தேன்! 20 நிமிடம் 27 ஆனது. பிரட்டுக்களம் படத்தைத் திரையில் போட்டதும் பின்வரிசையில் இருந்த நம் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

முடிந்ததும் விரிவுரையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கொழுப்புத் துணிக்கையை ஒருமுறை கரைத்துவிட்டு மறுபடியும் உறைய வைத்தால் என்ன ஆகும்?" மிட்வைப் மிஸ்ஸின் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும், உள்ளிருப்பது கசியும், அதனால் கரைத்ததை மறுபடி உறைய வைக்கக் கூடாது என்றேன். அலுமினிய ஊசியைக் குலுக்கிப் பார்க்கும் முறையையும் சொன்னேன். அது பாடத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நுவரெலியாவில் என்றேன்.

குளிர்ப்பெட்டிக்காரி
அடி ராசாத்தி.

நானுஓயா பால்காரன்
வாழ்த்துகள் தங்கச்சி. அந்த மாட்டு ஊசி இங்கே எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லையே?

ஆய்வுகூட எலி
அண்ணே, அதுவரைக்கும் இப்போது இருக்கிற ஊசியையே தவணை தவறாமல் போடுங்கள். மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டு, குளிர்ப்பெட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.